வூட்டுக்கு ஓர் ஆப்

ஷார்ஜா,
5 ஜனவரி 2025

அன்பு ஹசீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் குழந்தை ஹப்சாவும் அம்மாவும் நலமா? போனில் காசுப் பேச்சை எடுத்தாலே நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. அதனால் மெயில் எழுதுகிறேன். வீட்டுச் செலவைக் குறிக்க மூன்று ஆப் பார்த்தேன். ஒன்றுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். இன்னொன்றில் தட்டச்சு செய்ய வேண்டும். நீ ஒரு வரி அடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும். மூன்றாவதில் வாயால் சொன்னால் போதும், அதுவே பிரித்துப் போட்டுக்கொள்ளும். அதையே வைத்துக்கொள்வோம். நீ சொல்வது என் போனிலும் தெரியும். சந்தேகம் என்று நினைக்காதே. கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் ஆபித்

வில்லியனூர்,
9 ஜனவரி

அன்பு மச்சானுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

எல்லோரும் நலம், மாமிக்குத்தான் மூட்டு வலி. ஆப் போட்டாயிற்று. "ஒன் வூட்டுக்காரரு அங்கேருந்தே ஒனக்கு ஆப்பு வச்சிட்டாருடி" என்று பக்கத்து வீட்டு ஜோஸ்பின் சிரிக்கிறாள். எனக்கென்னவோ தட்டச்சு ஆப்தான் பிடித்தது; எழுதியதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சரி, நீங்கள் முடிவு செய்தாயிற்று. சமையலறைக் கூரை ஒழுகலைச் சரிசெய்யச் சொன்னீர்களே, நெட்டப்பாக்கம் அந்தோணிசாமி கொத்தனார் திங்களன்று வருகிறார். குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள் ஹசீனா

ஷார்ஜா,
2 பிப்ரவரி

ஹசீனா,

ஆப்பைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சாப்பாட்டுச் செலவு. மூன்று பேர் இருக்கிற வீட்டில் அப்படி என்ன சாப்பிட்டீர்கள்? கூரைக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. நான் இங்கே இரண்டு வேளையும் குப்பூஸ் ரொட்டியைத் தயிரில் தொட்டுத் தின்கிறேன். உன்னிடம் கேட்டால் சண்டை வரும், அதனால் கேட்கவில்லை. இந்த மாதத்திலிருந்து பணம் திருக்கனூரில் இருக்கும் நவாஸ் அண்ணனுக்கு வரும். வேண்டியதை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆபித்

வில்லியனூர்,
4 பிப்ரவரி

மச்சானுக்கு,

நேற்று முழுக்க அழுதேன். இன்று ஆப்பைத் திறந்து, வழக்கம்போல "வூட்டுக்கு சிமெண்ட்" என்று சொல்லிப் பார்த்தேன். கரண்டிப் படம் வந்தது. மாதம் முழுக்க அதைக் கொத்தனார் கரண்டி என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த இங்கிலீஷை இன்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஃபுட். நாம் வூடு என்பது அதன் காதில் அப்படி விழுந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் "வீடு" என்றேன், வீட்டுப் படம் வந்தது. நாங்கள் தின்றதாக நீங்கள் நினைத்ததெல்லாம் சிமெண்டும் மணலும் அந்தோணிசாமியின் கூலியும்தான். பூசிய கூரையின் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

ஹசீனா

ஷார்ஜா,
6 பிப்ரவரி

அன்பு ஹசீனா,

வெட்கமாக இருக்கிறது. ஆனால் அண்ணனிடம் சொல்லியாயிற்று, பணமும் அவருக்குப் போய்விட்டது. உடனே மாற்றினால் தன்னை நம்பவில்லை என்று நினைப்பார். ஆறு மாதம் போகட்டும். ஆப்பை மாற்றிவிடலாம், நீ கேட்ட தட்டச்சு ஆப்பையே போட்டுக்கொள். கோபத்தை விடு.

உன் ஆபித்

வில்லியனூர்,
15 பிப்ரவரி

மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் அண்ணன் வந்தார். நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. "இன்னா வேணும், சொல்லும்மா" என்றார். மாமிக்கு மருந்து, ஹப்சாவுக்குச் செருப்பு என்றேன். ஒரு பெண்ணுக்கு மாதா மாதம் வேண்டியதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஜோஸ்பினிடம் கடனாக வாங்கிக்கொண்டேன்.

ஆப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. அது எந்த ஊரில் செய்ததோ, என் பேச்சு அதற்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியுமே. "ஏண்டி, இவ்ளோ சாப்பாடா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். வந்துவிட்டுப் போயிருக்கும்.

நீங்கள் சொன்னபடி தட்டச்சு ஆப்பைப் போட்டுவிட்டேன். அதில் எழுத என் கையில் ஒன்றுமில்லை.

ஹசீனா