அட்சயாவின் இடது பக்கம்

ரொறன்ரோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிலாணிக்கு,

எட்மன்ரனில் இதற்குள் குளிர் இறங்கியிருக்கும், நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், உன் தங்கச்சி சுகமாகிக்கொண்டு வருகிறாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழைப்பு எடுக்கும்போதெல்லாம் அவள் என் முழங்கையோடு ஒட்டி நின்று கேட்கிறாள்.

நீ எட்மன்ரனுக்கு வேலைக்குப் போன பிறகு நடந்ததை அப்பா உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருப்பார். பேர்ணடெற் அன்ரி வீட்டுப் பிறந்தநாளில் கேக் வெட்டும் நேரம் அட்சயா ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள், மற்றது அசையவே இல்லை. டான்ஸ் வகுப்பில் கண்ணும் புருவமும் பழக்கத் தொடங்கியிருந்ததால் எல்லோரும் அதை அபிநயம் என்றே நினைத்துவிட்டார்கள். இஞ்ச பாருங்கோ, ஒற்றைப் புருவம் ஆடுது, இன்னொருக்காச் செய் ராசாத்தி என்றார் அன்ரி, அப்பாவும் கைதட்டினார். சிரிக்கச் சொன்னார்கள், வாய் ஒரு பக்கமாக இழுபட்டது, இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் அழத் தொடங்கினாள். வலது பக்க முகம் அழுதது, இடது பக்கம் ஒன்றும் நடக்காததுபோல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை இன்னும் இந்த வீட்டுக்குள் நிற்கிறது பிள்ளை, கோப்பை கழுவினாலும் உடுப்பு மடித்தாலும் பின்னால் நிற்கிறது.

அதற்கு முதல் கிழமை முழுவதும் தலையிடி, கழுத்து நோ என்றாள், பின்னலை இறுக்கிக் கட்டியதால் என்று தளர்த்திவிட்டோம். ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்த பிறகுதான் லைம் நோய், உண்ணி கடித்து வந்தது, நரம்புக்குள் போய்விட்டது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான், ஆனால் டொக்டரிடம் இரண்டாவது கேள்வி கேட்க வாய் வரவில்லை. அட்சயாதான் தான் இனி எப்போது சிரிக்கலாம் என்று கேட்டாள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகம் திரும்பி வரும், மெல்லத்தான் வரும் என்றார். மருந்து முடிந்துவிட்டது. மத்தியானம் படுத்தால் இடது கண் பாதி திறந்தே கிடக்கிறது, விழித்திருக்கிறாள் என்று பேச்சுக் கொடுப்பேன், பதில் வராது. பிறகு துளி மருந்து விட்டு இமையை மூடி மெல்லிய ரேப் ஒட்டிவிடுவேன்.

ஆடி மாதம் றூஜ் ஆற்றங்கரைக்கு நான்தான் அவளைக் கூட்டிப்போனேன் என்று அப்பாவிடம் அழுதாயாம். எங்கே கடித்தது என்று யாராலும் சொல்லமுடியாது, பின்வளவுப் புல்லாகவும் இருக்கலாம் என்று டொக்டரே சொன்னார். எள்ளளவு பூச்சி அது. இப்போது குளித்து வந்ததும் அவளைக் காதுமடல்வரை தடவிப் பார்க்கிறேன், மச்சத்தைக் கண்டாலும் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன். உன்னைக் குற்றம் சொல்ல இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆனால் முதல் நாள் வீடியோவில் அவளைக் கண்டதும் இன்ரநெற் சரியில்லை என்று படத்தை மூடினாய். அதிலிருந்து குரல் மட்டும்தான் வருகிறது. நேற்று அட்சயா என்னிடம் வந்து, அக்காவுக்கு என்னைப் பாக்கப் பயமோ அம்மா, நான் குட் சைட்டை மட்டும் காட்டுறன் எண்டு சொல்லுங்கோ என்றாள். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தேன், போனை வலது பக்கம் தூக்கிப் பிடித்து, தலையைச் சரித்து, உனக்கு ஹலோ சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தடித்த ஜக்கெற் வாங்கு. எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் வீடியோவில் படத்தோடு அழைப்பு எடு, அழுகை வந்தால் அவளுக்கு முன்னாலேயே அழு. முகத்தைத் திருப்பாதே என்று அவளிடம் நீதான் சொல்லவேண்டும், நான் சொன்னால் நம்புகிறாள் இல்லை.

உன் அம்மா
ரோகிணி