பி.எம்.டபிள்யூ விலைபோகாத டிசம்பர்

1959 செப்டம்பர் 24, வியாழன். லாண்ட்ஸ்ஹூட்

காலையிலிருந்து தூறல். கடைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர், இன்னொருவர் தபால்காரர். ஆனாலும் மனசு துள்ளுகிறது. ஃப்ராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். நாங்கள் விற்கும் பி.எம்.டபிள்யூ கம்பெனியின் புது வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டேன். எழுநூறு என்று பெயர். சின்ன வண்டிதான். ஆனால் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், கதவு பக்கவாட்டில் திறக்கிறது. நாலு வருடமாக மூக்குப் பக்கம் கதவு வைத்த முட்டை வண்டியை விற்றுவந்தவளுக்குத்தான் இந்தச் சந்தோஷம் புரியும். கூட்டத்தில் என் தொப்பி நசுங்கிப் போனது. போகட்டும்.

கொர்பினியனிடம் சொன்னேன். கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. “வண்டி நல்லா இருந்தா போதுமா? அதைச் செய்ய கம்பெனி உயிரோட இருக்கணுமே.”

இந்த மனிதனைக் கட்டிக்கொண்ட நாளில் இவன் இதே கம்பெனியின் மோட்டார் சைக்கிளில் மலைப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தான். இப்போது விறைத்துப்போனது பந்தயத்தில் அடிபட்ட கால் மட்டுமில்லை, மனசும்தான்.

அக்டோபர் 17, சனி

எழுநூறுக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஒரு வண்டிகூட இன்னும் கைக்கு வரவில்லை, படத்தைக் காட்டியே எழுதிவிட்டேன்.

மதுக்கடையில் தச்சர் ஸிக்ஸ்டஸ் வழக்கமான கேலியை எடுத்தாராம். “உங்க கம்பெனி மந்திரிக்கு ஒரு கப்பல் செய்யுது, குமாஸ்தாவுக்கு ஒரு முட்டை செய்யுது. நடுவுல இருக்கிறவன் நடந்து போறதா?” எல்லோரும் சிரித்தார்களாம். கொர்பினியனும் சிரித்தானாம். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஸிக்ஸ்டஸ் சொல்வது சரி. அந்தப் பெரிய வண்டிகள் எவ்வளவு அழகு! ஒவ்வொன்றும் நஷ்டத்தில் வெளியே போகிறது. மோட்டார் சைக்கிளை இப்போது யாரும் சீந்துவதில்லை.

நவம்பர் 19, வியாழன்

பத்திரிகையில் வந்துவிட்டது. விற்கப்போகிறார்கள்.

ஸ்டுட்கார்ட்டின் பெரிய கார் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொள்வார்களாம். புதுப் பங்குகள் அவர்களுக்கும் வங்கிக்கும் மட்டும்தானாம். பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றுகூடக் கிடையாதாம். டிசம்பர் 9 மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். அன்றே ஒப்புக்கொள்ள வேண்டும், மறுநாள் அந்தப் பேச்சே இல்லையாம். அதற்குப் பிறகு மியூனிக் தொழிற்சாலை அவர்களுக்கு உதிரி பாகம் செய்துகொண்டு கிடக்கும். வண்டியின் நெற்றியில் இருக்கும் எங்கள் சின்னம், அந்த நீலமும் வெள்ளையும், போய்விடும். எங்கள் கடை? ஸ்டுட்கார்ட்காரர்களுக்கு இந்த ஊரிலேயே முகவர் இருக்கிறார். எங்களை எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

இரண்டு தடவை படித்தேன். மதியம் உருளைக்கிழங்கு கருகிப்போனது.

நவம்பர் 21, சனி

பெரிய சண்டை. ஃப்ரிட்ஜ் கம்பெனி ஆள் வந்து போனதை என்னிடம் மறைத்திருக்கிறான். கடையை ஃப்ரிட்ஜ் கடையாக மாற்றப் பேசி வைத்திருக்கிறான்! “எல்லா வீட்லயும் ஃப்ரிட்ஜ் கேக்குறாங்க பூர்கல். நாம மட்டும் என்னத்துக்கு மூழ்குற கப்பலைப் பிடிச்சுத் தொங்கணும்?” என்கிறான்.

நான் என்ன சொன்னேன்? எல்லாம் சொன்னேன். ஃப்ரிட்ஜ விக்கிறவன் ராத்திரி படுத்தா கனவுல என்னடா வரும், ஐஸா? அப்பா என் கல்யாணத்துக்குக் கொடுத்த பங்கு என் பேர்லதான இருக்கு, அதை எவன் கேட்டான்? உன் பங்கும் வங்கிப் பெட்டகத்துலதான தூங்குது, அதுக்கு ஒரு வாய் இல்லையா?

“வங்கி பாத்துக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

வங்கி பாத்துக்குமாம்.

நவம்பர் 24, செவ்வாய்

விஷயம் இதுதான். எங்களைப் போன்ற சின்னப் பங்குதாரர்கள் காகிதத்தை வங்கியில் வைத்திருக்கிறோம். ஓட்டையும் வங்கியே போட்டுவிடுகிறது. வங்கி விற்கச் சொல்கிறது. ஆகவே எங்கள் பங்கை வைத்தே எங்களை விற்கிறார்கள்!

வங்கி மேலாளர் டானெக்கரைப் போய்ப் பார்த்தேன். நாற்காலி கொடுத்தார், காபி கொடுத்தார். “உங்களுக்கு ஏம்மா இந்தச் சிரமம்? கூட்டம் நாள் பூரா நடக்கும். அங்க புரியாத பாஷை பேசுவாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

என் பங்கின் ஓட்டை நானே போடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது.

ஊரில் வேறு யார் யாரிடம் பங்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு வாங்கச் சொன்னதே என் அப்பாதான். நாளையிலிருந்து அவர்கள் ஓட்டைக் கேட்டு வீடு வீடாக ஏற வேண்டும்.

நவம்பர் 28, சனி

பல் மருத்துவர் சரி என்றார். மாவு மில்காரரும் சரி என்றார். பள்ளி ஆசிரியர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதாவது மாட்டார்.

கசாப்புக் கடை ஓட்டிலியம்மாவிடம்தான் அடி வாங்கினேன். இறந்துபோன கணவரின் பங்குகள் அவரிடம் நிறைய இருக்கின்றன. நான் பழைய பெருமையை எல்லாம் எடுத்து விட்டேன். விமான இயந்திரத்தில் தொடங்கிய கம்பெனி, உலக வேகச் சாதனை, போருக்கு முந்தைய அந்த வெள்ளைப் பந்தய வண்டி. கல்லீரலை நறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“போர் சமயத்துல என் தங்கச்சி ஆலாக்ல, உங்க கம்பெனியோட தொழிற்சாலைப் பக்கம் இருந்தா. தினம் காலையில கைதி முகாம் ஆளுங்களை நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க. கோடு போட்ட சட்டை, காலுக்குக் கட்டைச் செருப்பு. உங்க விமான இயந்திரம் அவங்க கையாலதான் ஆச்சு. பெருமை சொல்றப்ப அதையும் சேர்த்துச் சொல்லு பூர்கல்.”

பொய்யா அது? இந்த ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அரைக் கிலோ சாசேஜ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் சாப்பிடப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

மழை. பள்ளி ஆசிரியர் மாட்டார் என்றேனே, மாட்டார்.

டிசம்பர் 5, சனி

கடை சாத்தும் நேரத்தில் ஓட்டிலியம்மா வந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வங்கிக்குப் போய் ஓட்டை மீட்டுவிட்டாராம். அதை எனக்குக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார்.

“பழசுக்காக இல்ல. என் அக்கா பையன் அந்த மியூனிக் தொழிற்சாலையில பெயிண்ட் அடிக்கிறான். அவனும் அவன் கூட இருக்கிற பசங்களும் என்ன தப்பு செஞ்சாங்க? ஆனா ஒண்ணு. அங்க எழுந்து பேசினா பழைய பாட்டைப் பாடாதே. இப்ப என்ன செய்யுறாங்களோ அதைப் பேசு.”

பேசுவதா? நானா? கை தூக்கிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

கொர்பினியன் வரமாட்டானாம். நாளைக் காலை முதல் ரயிலில் தனியாகப் போகிறேன். கறுப்புக் கோட்டு, நசுங்காத தொப்பி. பயமாக இருக்கிறது என்று எழுதினால் பயம் குறையுமா? குறையவில்லை.

டிசம்பர் 10, வியாழன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரயிலுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால் முட்டை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே கொர்பினியன், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில். “கம்பெனியைக் காப்பாத்தப் போறவ ரயில்லயா போவ? ஏறுடி,” என்றான். மியூனிக் வரை தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனோம். மண்டப வாசலில் பெரிய பெரிய கறுப்பு வண்டிகளுக்கு நடுவில் எங்கள் முட்டையை நிறுத்தினான். காவலாளி சிரித்தான். வெளியே காத்திருக்கிறேன் என்று இவன் சொன்னதால் நான் மட்டும் உள்ளே போனேன்.

இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மேடையில் வங்கிக்காரர்களும் இயக்குநர்களும். கீழே எங்களைப் போன்றவர்கள்: முகவர்கள், ஓய்வுபெற்றவர்கள், தொழிற்சாலை ஆட்கள். விற்பதைத் தவிர வழியே இல்லை என்று மேடை பேசிக்கொண்டே போனது. கீழே கால்களைத் தரையில் தட்டினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார்கள். மதியம் கடந்தது. பையில் இருந்த பிரெட்சல் ரொட்டியை ஒரு முன்பின் தெரியாத மனிதரோடு பங்கு போட்டுத் தின்றேன்.

என் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். எப்படி நடந்து மைக் வரை போனேன் என்று தெரியாது. சுருக்கமாகப் பேசும்படி மேடையிலிருந்து சொன்னார்கள். சரி, சுருக்கமாகவே பேசினேன்.

“நான் லாண்ட்ஸ்ஹூட்ல வண்டி விக்கிறவ. எழுநூறு இன்னும் என் கடைக்கு வரவே இல்ல. ஆனா படத்தைப் பாத்தே இருபது பேர் பேர் கொடுத்திருக்காங்க. இங்க இருக்கிற மத்த முகவர்களையும் கேட்டுப் பாருங்க. ஒரு கேள்விதான் எனக்கு. இந்தக் கம்பெனி செத்த பொணம்னா, அதை வாங்க ஸ்டுட்கார்ட்காரங்க ஏன் இன்னைக்கே, இப்பவேன்னு நிக்கிறாங்க? உயிரோட இருக்குன்னா, இத்தனை வருஷம் கூட நின்ன எங்களுக்கு ஏன் புதுப் பங்குல ஒண்ணுகூடத் தரமாட்டீங்க?”

அவ்வளவுதான். செத்தேன் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே! கைதட்டலா, கால்தட்டலா, தெரியவில்லை.

அதன் பிறகுதான் பெரிய அடி விழுந்தது, அது என்னுடையது இல்லை. எங்கள் பக்கம் வாதாட வந்திருந்த வக்கீல் எழுந்தார். எழுநூறை உருவாக்கிய செலவு பூராவையும் ஒரே வருடத்தின் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால்தான் நஷ்டம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றார். கணக்கில் ஆட்சேபம் இருக்கிறது என்று மொத்தப் பங்கில் பத்தில் ஒரு பாகம் சொன்னால் போதும், கூட்டத்தைத் தள்ளிவைத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. தள்ளிவைத்தால் ஸ்டுட்கார்ட்காரர்களின் கெடு முடிந்தது. விற்பனை செத்தது.

ஓட்டு எடுத்தார்கள். பல் மருத்துவர், மில்காரர், ஓட்டிலியம்மா, அப்பா, எல்லோருக்குமாகச் சேர்த்துக் கை தூக்கினேன். எத்தனை கைகள் என்று பார்க்கத் திரும்பினேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், விறைத்த காலை நீட்டிக்கொண்டு கொர்பினியன் நிற்கிறான். கை மேலே.

போன வாரமே வங்கியிலிருந்து ஓட்டை மீட்டிருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை, பாவி.

எண்ணி முடிக்க நெடுநேரம் ஆனது. பத்தில் ஒரு பாகத்துக்கு மேலேயே இருக்கிறது என்று அறிவித்தபோது முன்பின் தெரியாத பிரெட்சல் மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மேடையில் காகிதங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விலைபோகவில்லை. போகவே இல்லை.

திரும்பும் வழியில் பனி கொட்டியது. “எப்பத்துலேருந்துடா?” என்று கேட்டேன். “ஓட்டிலியம்மா என் மானத்தை வாங்கிட்டா,” என்றான். “உன் பொண்டாட்டி படி ஏறி இறங்குறா, நீ ஃப்ரிட்ஜ் பாத்துட்டு இருக்கியான்னு கேட்டா.” பிறகு வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டே வந்தான். ஸ்வரம் ஒன்றும் சேரவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

டிசம்பர் 13, ஞாயிறு

தேவாலய வாசலில் எல்லோரும் கை குலுக்கினார்கள். பள்ளி ஆசிரியரும் குலுக்கினார், தானே ஓட்டுப் போட்டது போல. டானெக்கர் தொப்பியைக் கழற்றி வணங்கினார்; மனிதர் மரியாதை தெரிந்தவர்.

ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. கையெழுத்து கொர்பினியனுடையது.

1960 டிசம்பர் 2, வெள்ளி

போன டிசம்பரில் விற்பதற்குத் தலையாட்டிய பெரும் பணக்காரர் ஒருவர் அன்றைய மண்டபத்தைப் பார்த்து மனம் மாறி, தன் பணத்தையே போட்டுவிட்டார். கம்பெனி யாருக்கும் கீழே இல்லாமல் நடக்கும். இந்த முறை பழைய பங்குதாரர்களுக்கும் புதுப் பங்கு உண்டு. அவர் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிறது, எங்கள் பெயர் எதிலும் இல்லை. பரவாயில்லை. அவர் மனதை மாற்றிய சத்தத்தில் என் சத்தமும் இருந்தது.

எழுநூறு ஓடுகிறது, சின்னப் பந்தயங்களில் ஜெயிக்கவும் செய்கிறது.

1961 செப்டம்பர் 23, சனி. ஃப்ராங்க்ஃபர்ட்

நடுவில் இருக்கிறவனுக்கு வண்டி வந்துவிட்டது! ஆயிரத்து ஐந்நூறு. நான்கு கதவு, தாழ்ந்த மூக்கு, நெற்றியில் நீலமும் வெள்ளையும். இன்னும் தொழிற்சாலையில் ஓடத் தொடங்காத வண்டிக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கொர்பினியன் அதன் அடியில் படுத்துப் பார்க்கப் போய்க் காவலாளியிடம் திட்டு வாங்கினான்.

மாலையில் ஸ்டுட்கார்ட் கூடத்திலிருந்து வயதான விற்பனையாளர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து சாத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டார். மறுபடி திறந்து சாத்தினார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அன்று மண்டபத்தில் எழுந்த கைதட்டலைவிட எனக்கு இது பெரிதாக இருந்தது.

1963 மே 13, திங்கள்

இதில் எழுதி மாதக்கணக்காகிறது. நேரமில்லை.

காட்சிக்கு நிறுத்த ஒரு வண்டிகூட இல்லை. கடைசியாக இருந்ததையும் சனிக்கிழமை கண் மருத்துவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். காலியான இடத்தில் ஜெரேனியப் பூந்தொட்டிகளை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டு எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இலையுதிர் காலம் என்கிறேன். சரி என்கிறார்கள், யாரும் திரும்பிப் போவதில்லை.

பின்பக்கச் சுவரை இடித்துப் பட்டறையைப் பெரிதாக்கக் கொத்தனார்கள் வந்திருக்கிறார்கள். ஒரே புழுதி. கீழேயிருந்து கொர்பினியன் மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறான். சுவர் எதுவரைக்கும் என்று நான் வந்து சொன்னால்தான் இடிப்பார்களாம்.