கால் பலகை இல்லாத சிலுவை

பெரிய வெள்ளி, இரவு.

ராயபுரத்துத் திருப்பாடுகள் நாடகத்தில் ஏழாவது வருடமாக நான்தான் இயேசு. இந்த முறை சிலுவையில் கால் வைக்கும் பலகையை அடிக்க மறந்துவிட்டான் என் மச்சான் சேவியர். கைகளை மட்டும் துறைமுகத்தில் சரக்கு கட்டுவது போல இறுக்கிக் கட்டியிருந்தான். தொங்கினேன். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. கைக்கயிற்றைப் பிடித்து எம்பினால்தான் ஒரு வார்த்தை பேச முடியும்.

"இன்னா மாமா, வசனம் மறந்துபோச்சா? ஜனம் பாத்துகினு கீது!" என்றான் சேவியர், ரோமானிய வீரன் வேடத்தில் கீழே நின்றபடி.

அவனைத் திட்டத்தான் எம்பினேன். பழக்கத்தில் 'பிதாவே, இவர்களை மன்னியும்' என்ற மன்னிப்பு வசனம் வந்துவிட்டது. ஜனம் அழுதது. ஆண்டவர் இதை ஆணிமேல் எம்பியா சொன்னார்? இத்தனை வருடம் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறேன்.

சற்று முன்தான் சேவியர் என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போனான். திட்ட முடியவில்லை. ஊர் முன்னால் மன்னித்துத் தொலைத்துவிட்டேனே.