இரண்டாகத் தெரியும் கிரேன்

இன்று காலை தையல் மிஷின் டிராயரில் ஊசி தேடினேன். உன் குட்டி ஸ்க்ரூடிரைவர் விரலில் குத்தியது. செத்தும் என்னைச் சும்மா விடமாட்டாய் போலிருக்கிறது. நேற்றுதான் நம் மகன் உன் பழைய ஃபிலிம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதும்மா, கடையில குடுத்துறலாம்" என்றான். கடை எதற்கு? இந்த வேலை எனக்கே தெரியும். உன்னைச் சந்தேகப்பட்டே கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவாய். கேமராவின் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் திருகை இம்மி இம்மியாகத் திருப்புவாய். லென்ஸ் வளையத்தில் எந்தத் தூரம் வைக்கிறோமோ, அந்தத் தூரத்துப் பொருள், கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். இதற்கு எத்தனை ஞாயிறு வேண்டும்? எதிர் மாடியில் அந்த நர்ஸ் பெண் துணி காயப்போடும் நேரமும் அதுதான். தண்ணீர்த் தொட்டி அருகே நாற்காலி போட்டு, மீனுக்குச் செதில் எடுக்கிற சாக்கில் உன் கையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

"இன்னாமே மொறைக்கிற? ஹார்பர் கிரேன வெச்சு சேக்குறேன். அது நவுந்துகினே கீது."

"கிரேன் கெழக்கால கீது. உன் மூஞ்சி ஏன்யா எதிர்வூட்டாண்ட போவுது?"

சிரித்து மழுப்புவாய். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நீ எடுத்த கப்பல்களெல்லாம் மங்கல். என் முறைப்பு மட்டும் என்னை எடுத்த ஒவ்வொரு படத்திலும் துல்லியமாக விழுந்திருக்கும். உன் அடக்கத்துக்கு அந்த நர்ஸும் வந்து அழுதாள். எனக்கு வந்த அழுகை நின்றுபோய், அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று உன் இடத்தில் நின்று கேமராவின் மூடியைக் கழற்றினேன். வளையத்தைக் கடைசித் தூரத்தில் வைத்து கிரேனைப் பார்த்தேன். இரண்டு கிரேன். அப்படியானால் இத்தனை ஞாயிறும் நீ கிரேனைச் சேர்க்கவே இல்லை! எதிர் மாடியாகத்தான் இருக்கும். எதிர் மாடிக்குத் தக்க தூரம் வைத்து அவள் துணிக்கொடிக் கம்பத்தைப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு. கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசியாக வளையத்தைக் கிட்டத்துக்குத் திருப்பி, தொட்டி அருகே இன்னும் கிடக்கும் என் நாற்காலியைப் பார்த்தேன்.

ஒரே நாற்காலி. முதுகில் இருக்கும் வெடிப்புகூட ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"சரி பண்ட்டியாம்மா?" என்று மகன் கீழேயிருந்து கேட்டான். அந்தத் திருகைத் தொட்டால் கிரேன் சேரும், நாற்காலி பிரியும். தொடாமல் மூடியைப் போட்டு இறுக்கிவிட்டேன்.

ஆனாலும் ஒன்று. இவள் ஒருநாள் சோதித்துப் பார்ப்பாள் என்று தெரிந்தே இப்படி வைத்துவிட்டுப் போனாயோ? செய்யக்கூடிய ஆள்தான் நீ. மத்தியானத்திலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுச் சண்டை போட, வீட்டில் நீ இல்லையே.