வெயிலில் முகம் தெரியாத போன்

தர்ஷினி அப்பாவுக்கு,

சட்டியில் கம்மங்கூழ் இருக்கிறது, மோர் விட்டுக் குடியுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், பிள்ளை நாலு மணிக்கு வந்துவிடுவாள்.

நீங்கள் வாங்கித் தந்த போனை நேற்று டப்பா என்று சொன்னது தப்புதான். அதற்காகச் சாப்பிடாமல் ராத்திரி ஷிப்டுக்கு மில்லுக்குப் போக வேண்டுமா? முந்தாநாள் போட்ட சார்ஜ் இன்னும் நிற்கிறது. கண்மாய்க்குள் இறங்கினாலும் சிக்னல் கிடைக்கிறது. மண்வெட்டி மேல் விழுந்தும் கீறல் இல்லை.

ஆனால் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்து வருகைக்குப் போட்டோ எடுத்தால், வெயிலில் ஒரு முகமும் தெரியவில்லை. அமுதவள்ளி அக்கா பார்த்துவிட்டு, "ஏத்தா, இது நானா, பின்னாடி நிக்கிற கருவேல மரமா?" என்று கேட்டது. சிரித்துவிட்டேன். ஆனால் முகம் தெரியாவிட்டால் அவர்கள் வேலைக்கு வந்ததாகவே ஆகாது. அந்தப் பயத்தைத்தான் உங்கள் மேல் கொட்டினேன். இன்று எல்லாரையும் வேப்பமர நிழலில் நிறுத்தி எடுத்துப் பார்க்கிறேன்.

பாண்டீஸ்வரி

இன்னொன்று: அதற்குள் மெமரி நிறைந்துவிட்டதாம், படங்களை அழிக்கச் சொல்கிறது. திறந்து பார்த்தால், என்னிடம் தருவதற்கு முன் கேமராவைச் சோதிக்க நீங்கள் எடுத்த பதினோரு படம். பதினொன்றிலும் நான்தான், எனக்கே தெரியாமல், அடுப்படியில். முகம் அவ்வளவு தெளிவு. கண்மாய்க்கு வாங்குகிற போனை அடுப்படி நிழலிலா சோதிப்பார்கள்?

அவற்றை அழிக்கவில்லை. வேறு எதையாவது அழித்துக்கொள்கிறேன்.