வெளிப்பக்கப் படி

வியாழக்கிழமை, இரவு

தம்பி சேகர் சாயங்காலம் என் வாடகை வீட்டுக்கு மேஸ்திரி வரைந்த பிளானோடு வந்தான். நான் அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட வேண்டுமாம். என் பி.எஃப். பணத்தில் அவன் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை கட்டலாமாம்.

"இன்னாத்துக்குக்கா இன்னும் கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறிக்கினு, லேப்ல அந்த நாத்தத்துல நின்னுக்கினு? ஊட்ல நிம்மதியா ஒக்காந்து சாப்புடு."

பிளானைப் பார்த்தேன். மாடிப்படி அவன் கூடத்துக்குள்ளிருந்து ஏறியது.

"வெளிப்பக்கம் படி இல்லையாடா?"

"நீ ஒண்டி ஆளு. உனுக்கு இன்னாத்துக்கு தனி வழி?"

அவன் மொட்டை மாடியில் தூண் கம்பிகள் பல வருஷமாகத் துருப்பிடித்து நிற்கின்றன. யாருடைய பணத்தை நம்பி அவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறான் என்று இன்றுதான் புரிந்தது.

ஐம்பத்தெட்டு வரை வேலைக்குப் போவேன், அதுவரை பி.எஃப். பணத்தைத் தொட மாட்டேன் என்றேன்.

"அப்பால யாருக்கா உன்ன பாத்துப்பாங்க?"

"படிய வெளியே வெச்சுக் கட்டு. ரிட்டயர் ஆனதும் வாடகைக்கு வரேன். அட்வான்ஸும் தரேன்."

டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டான்.

யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லைதான். முட்டிவலி வேறு இப்போதெல்லாம்... அது கிடக்கட்டும். பதில் இல்லை என்பதற்காக, தினமும் அவன் கூடத்தைக் கடந்து என் அறைக்குப் போக மாட்டேன்.

பிளானை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வெளிச்சுவரை ஒட்டி நானே ஒரு படி வரைந்துவிட்டேன், கைப்பிடியோடு.