கிளட்ச் மிதிக்கும் கால்

14 ஜூன் 2024
இன்றும் வலி. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் இடது கணுக்காலுக்குள் ஏதோ மாட்டி, விடுபடுகிறது. போன வருடம் நரிக்குடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிசகியது. எண்ணெய்க்கட்டில் வீக்கம் வற்றியது. வலி வற்றவில்லை.

19 ஜூன்
மதுரையில் ஸ்கேன். கணுக்கால் மூட்டில் குருத்தெலும்பு ஓர் இடத்தில் பெயர்ந்து, அடியில் எலும்பும் குழிந்திருக்கிறதாம். முழங்காலில் பாரம் படாத இடத்திலிருந்து குருத்தெலும்பையும் அடியெலும்பையும் சேர்த்துச் சிறு துண்டாக எடுத்து, அந்தக் குழியில் பதிப்பார்களாம். மிளகாய் நாற்றை மண்ணோடு பெயர்த்து நடுவது போல என்றார் டாக்டர்.
மறுபடி பஸ் ஓட்டலாமா என்று கேட்டேன்.
"ஒட்டிக்கிட்டா ஓட்டலாம்."

3 ஜூலை
நேற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டதால் விழித்தே கிடந்தேன். தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது.

8 ஜூலை
வீட்டுக்கு வந்தாயிற்று. ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது. சண்முகவடிவு காட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு என்னையும் தூக்கி நிறுத்துகிறாள். கல்யாணமானதிலிருந்து இத்தனை நாள் சேர்ந்தாற்போல் நான் வீட்டில் இருந்ததில்லை. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

21 ஜூலை
முழங்காலில்தான் குத்தல் அதிகம். நன்றாக இருந்த இடம்.

16 ஆகஸ்ட்
காலை ஊன்றினேன். பாதி பாரம்தான்.

5 செப்டம்பர்
முதலாளி ஜெகதீஸ்வரன் போன் செய்தார். பதினைந்தாம் தேதிக்குள் வராவிட்டால், எனக்குப் பதிலாக ஓட்டும் இருளாண்டியையே நிரந்தரமாகப் போட்டுவிடுவாராம். டாக்டர் சொன்னது ஆறு மாதம். அவுகளுக்குப் பஸ்ஸு ஓடணும். எனக்கு?

6 செப்டம்பர்
வீட்டில் சொல்லாமல், கம்பை ஊன்றிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இருளாண்டி டீ குடிக்கப் போயிருந்தான். ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தேன். வலி இல்லை. மறுபடி மிதித்தேன். இல்லை. அடுத்த மிதிக்குக் கால் வெடவெடவென்று நடுங்கியது — என்ன மனுசன்டா நீ? இதுக்கா முழங்கால அறுத்துக்கிட்டுக் கெடந்த?
வந்து சண்முகவடிவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.
"பஸ்ஸு யாரு மிதிச்சாலும் ஓடும். கால் ஒங்களுக்கு மட்டுந்தான" என்றாள்.
முதலாளியிடம் இப்போது வரமுடியாது என்று சொல்லிவிட்டேன்.

30 செப்டம்பர்
இருளாண்டியை நிரந்தரமாக்கிவிட்டார்கள். சரி.

11 ஜனவரி 2025
ஸ்கேனில் ஒட்டு பிடித்திருக்கிறது. ஓட்டலாம், ஆனால் தினமும் வேண்டாம் என்றார் டாக்டர். முதலாளியைப் பார்த்தேன். இருளாண்டியை நிறுத்திவிட்டு என்னை எடுத்துக்கொள்கிறாராம். அவன் ஓட்டினால் டயர் சீக்கிரம் தேய்கிறதாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

12 ஜனவரி
காலையிலேயே இருளாண்டி வீட்டுக்குப் போனேன். ஒருநாள் அவன், ஒருநாள் நான் ஓட்டலாமா என்று கேட்டேன். பாயை விரித்து என்னை உட்காரச் சொன்னான்.
"சாவியக் கேக்கத்தான் வந்திருக்கீகன்னு நெனச்சேண்ணே."
இருவருமாகப் போய் முதலாளியிடம் சொன்னோம். முணுமுணுத்தார். ஒத்துக்கொண்டார்.

4 பிப்ரவரி
திருச்சுழி தாலுகா ஆபீசில் ஒரு வேலை. இன்று இருளாண்டியின் முறை. சண்முகவடிவும் நானும் அவன் பஸ்ஸிலேயே போனோம். கியர் மாற்றாமல் மூன்றிலேயே இழுக்கிறான். என் இடது கால் தானாகத் தரையை மிதித்திருக்கிறது.
சண்முகவடிவு என் முழங்காலில் கையை வைத்தாள்.
"இன்னைக்கு ஒங்க நாளு இல்ல. வெளிய பாத்துக்கிட்டே வாங்க."